மாங்கனிக் கண்காட்சியில் கட்சி மாறாமை: காவேரிப்பாக்கத்திலிருந்து ஓர் ஆய்வு

கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்கு ஒரு மாம்பழத்தின் மேல் பற்றோடு போன எவரும் வேறொரு மாம்பழத்தின் மேல் பற்றோடு திரும்பியதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. துணிபை நிறுவுமுன், நிறுவப் புகுந்தவருக்கு என்ன தகுதி என்று கேட்பது சான்றோர் வழக்கு. எனவே தகுதி முதலில்.

மாம்பழத்தைப் பற்றி நடுநிலையோடு பேச ஓர் ஆளைத் தமிழ்நாட்டில் கண்டுபிடிப்பது கடினம். சேலத்துக்காரர் மல்கோவாவுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டார். திருச்சிப் பக்கம் இமாம்பசந்த் என்று சொல்லும்போதே குரல் தணிந்துவிடும். ராஜபாளையத்தார் சப்பட்டை என்பார்கள். ஆந்திர எல்லையோரம் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் பங்கனப்பள்ளிப் பக்கம். 2017-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டதால் அவர்களோடு வாய் கொடுத்து மீள முடியாது.

காவேரிப்பாக்கத்தின் நிலை வேறு. எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னால் ஏரிதான் நினைவுக்கு வரும். பல்லவர் காலத்து ஏரி. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வரும் ஏரி. வரலாறு படித்தவர்களாக இருந்தால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் காவேரிப்பாக்கத்துச் சிற்பங்களைச் சொல்வார்கள். மாம்பழத்தை ஒருவரும் சொல்ல மாட்டார். எப்போதாவது ஒருவர் "அடடா, மாம்பழ ஊராச்சே" என்று வாயூறினால், அவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினத்தை நினைத்து ஊறுகிறார் என்று கொள்க.

ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு விளைவது நெல். நெல் அறுத்தால் வைக்கோல். மாம்பழ உலகுக்கு நெல் விளையும் ஊர்கள் தந்த கொடை இந்த வைக்கோல்தான். கார்பைடு கல் வருவதற்கு முன்பு காய் பழுத்தது வைக்கோல் மெத்தையில். கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது; அதிலிருந்து கிளம்பும் அசிட்டிலீன் வாயு தோலை மஞ்சளாக்கிவிட்டுச் சதையைப் புளிப்பாகவே விட்டுவிடும். எத்திலீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு. வைக்கோலுக்கோ எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தோத்தாபுரி வந்தாலும் மல்கோவா வந்தாலும் ஒரே சூட்டில் பழுக்க வைக்கும். அந்த வைக்கோலின் நடுநிலையே இவ்வாய்வாளரின் நடுநிலை.

ஊர் அமைந்த இடமும் ஆய்வுக்கு இசைவானது. மேற்கே வேலூர் போகும் நெடுஞ்சாலையில் இரத்தினகிரிக் குன்றின் மேல் முருகன் இருக்கிறார். உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தும் மாம்பழம் கிடைக்காதவர். வடகிழக்கே அரக்கோணம் தாண்டினால் திருவாலங்காடு. கணவனுக்குப் படைக்க இரண்டாவது மாங்கனியை இறைவனிடமே கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையார் இறுதியில் வந்து தங்கிய தலம். மாம்பழத்தை இழந்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு வேறெந்த ஊருக்குக் கிடைக்கும்? வென்றவரான பிள்ளையாரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் இல்லாத தெரு இல்லை என்பதால் அவரை வைத்துத் திசை சொல்ல முடியாது.

நாரதர் கொண்டுவந்த பழம் என்ன ரகம் என்ற வினா இங்கே எழும். கண்காட்சியில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஒருவர் அது மல்கோவாதான் என்று அடித்துச் சொன்னார். ஒரு பழத்துக்காக ஒரு குடும்பமே பிரிய வேண்டுமென்றால் அது வேறென்னவாக இருக்க முடியும் என்பது அவர் வாதம். அது பொருந்தாது. என்னை? ஒட்டுக்கட்டும் வழக்கம் போர்ச்சுகீசியர் வந்த பிறகே இங்கு பரவியது என்பர். ஆகவே கயிலாயத்தில் நடந்த சண்டை ஒரு நாட்டு மாங்கனிக்காக நடந்தது என்பதே போதரும்.

இனிக் களப்பணி. காவேரிப்பாக்கத்தில் ஏறினால் ஒரே சாலை: வாலாஜாப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர், கிருஷ்ணகிரி. ருசி பார்க்கப் போகிறவர் வெறும் நாக்கோடு போக வேண்டும் என்பது முறை. ஆனால் வழியில் ஆம்பூர் இருக்கிறது. சீரகச் சம்பாவில் தம் போட்டுக் கூடவே புளிப்பாய்க் கத்தரிக்காயும் வைத்துத் தரும் ஊரைப் பட்டினியாய்க் கடக்கும் மன உறுதி ஆய்வாளருக்கு உண்டு. உடன் வந்த மைத்துனருக்கு இல்லை. ஆய்வுத் துணைவரைத் தனியே சாப்பிட விடுவது அறமன்று என்பதால் முறை சற்றே தளர்த்தப்பட்டது.

ஆம்பூரைச் சொன்னதால் தோலைச் சொல்லாமல் போக முடியாது. ராணிப்பேட்டையில் தொடங்கி வாணியம்பாடி வரை இந்தச் சாலையின் பிழைப்பு தோல். பதனிட இப்போது பெரும்பாலும் குரோம். முன்பெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பட்டையிலுள்ள டானின் தோலின் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால்தான் அழுகிப்போக வேண்டிய தோல் செருப்பாகி நமக்கு உழைக்கிறது. மாமரத்திலும் டானின் உண்டு. பிஞ்சிலும் காயிலும் அது மிகுதி. பிஞ்சு மாங்காயைக் கடிக்கும்போது அது எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, நாக்கு வறண்டு இழுக்கிறது, துவர்க்கிறது என்கிறோம். ஆகவே ஆம்பூர்த் தொழிற்சாலையில் நடப்பதும் மாந்தோப்பில் திருட்டுப் பிஞ்சு தின்னும் பையன் வாயில் நடப்பதும் ரசாயனத்தில் ஒன்றே. எங்கள் பகுதியில் நாக்குகள் சீக்கிரமே பதனிடப்பட்டுவிடுவதால் இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றிலும் ஏமாறுவது அரிது. இதையும் தகுதியோடு சேர்த்துக்கொள்க.

கிருஷ்ணகிரி வந்தாயிற்று. தமிழ்நாட்டில் மா அதிகம் பயிராகும் மாவட்டம். மாங்கூழ் ஆலைகளின் ஊர். தோத்தாபுரியின் பெரும்பகுதி ஆலைக்குப் போய், டின்னில் அடைபட்டு, கப்பலேறிவிடுகிறது. கண்காட்சி 1990-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. அரசுத் துறைகளின் அரங்குகள், ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, மாலையில் மேடை நிகழ்ச்சி. கூட்டத்தில் பெரும்பகுதி ராட்டினத்துக்கு வந்தது. அவர்களை ஆய்விலிருந்து விலக்கிவிட்டு மாங்கனி அரங்குக்குள் நுழைபவர்களை மட்டும் கவனித்தோம்.

உள்ளே நீள மேசைகள். மேசைமேல் வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் சில பழங்கள், ஒரு பெயர்ச்சீட்டு. செந்தூரா, பீத்தர், காலாப்பாடி, ருமானி, இமாம்பசந்த், கேசர், அல்போன்சா என்று போய்க்கொண்டே இருக்கும். தலையளவு இருக்கிறது ஒன்று. எலுமிச்சையளவு இருக்கிறது ஒன்று. முன்னால் ஒரு தடுப்பு. தொடக்கூடாது, எடுக்கக்கூடாது, வெட்டுவதைப் பற்றி நினைக்கவே கூடாது.

இந்த இடத்தில்தான் துணிபின் வேர் இருக்கிறது. நாவுக்கு வழியில்லாத இடத்தில் தீர்ப்புச் சொல்லக் கண் மட்டுமே மிஞ்சுகிறது. கண் எதைத் தேடும்? தனக்குத் தெரிந்ததைத் தேடும். அரங்குக்குள் நுழைகிறவர் புதுத் தட்டுகளின் முன் நிற்பதில்லை. தன் பழம் எங்கே என்று கழுத்தை நீட்டிக்கொண்டு விரைகிறார். கண்டதும் வீட்டாரைக் கூப்பிட்டு, "பாத்தியா, நான் இன்னா சொன்னேன்?" என்கிறார். படம் எடுத்துக்கொள்கிறார். பக்கத்துத் தட்டைக் காட்டினால், "பாக்கத்தான் பளபளன்னு இருக்கும், உள்ள நார்" என்கிறார். வாயில் வைக்காத பழத்தின் நாரைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே எண்ணும் ஆற்றலைக் கண்டு வியந்தோம்.

மாங்கனியைத் தொடவிடாத மரபு நமக்குப் புதிதன்று. சங்ககால மன்னன் நன்னனின் காவல் மரத்து மாங்காய் ஒன்று ஆற்றோடு வந்தது. குளிக்கப் போன பெண் அதை எடுத்துத் தின்றாள். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்கு எடை பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் கேளாமல் அவளைக் கொன்றான். பரணர் அதைக் குறுந்தொகையில் பாடி வைத்துவிட்டார். பெண் கொலை புரிந்தவன் என்பதைத் தவிர இன்று நன்னனுக்கு வேறு முகவரி இல்லை. பாட்டில் வருவது பசுங்காய். பழுக்காத ஒன்றுக்காக ஓர் உயிர் போயிற்று என்பதை உரைகாரர்கள் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அயல்நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. 1968 ஆகஸ்டில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் பெய்ஜிங்குக்கு மாம்பழம் கொண்டுபோனார். மாவோ தாம் தின்னாமல் தொழிலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். அவர்களும் தின்னவில்லை. தலைவர் தந்தது ஆயிற்றே! மருந்துத் திரவத்தில் போட்டு வைத்தார்கள். மெழுகில் அச்செடுத்துக் கண்ணாடிக் கூண்டில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். ஓர் ஆலையில் அழுகத் தொடங்கிய பழத்தைத் தண்ணீரில் வேகவைத்து ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார்கள். மாம்பழம் பார்ப்பதற்கே என்ற கொள்கை அதன் எல்லையைத் தொட்ட இடம் அது.

இதற்கு நேர் எதிர் காரைக்கால். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை வீசுகிறார்கள். பிடித்தவருக்குப் பிரசாதம். தலைமேல் விழப்போகும் பழம் ருமானியா செந்தூராவா என்று ஆராய யாருக்கும் நேரமில்லை. பிடித்ததைத் தின்ன வேண்டியதுதான். மாம்பழக் கட்சிகள் உண்மையிலேயே கலையக்கூடிய இடம் அந்த வீதி ஒன்றே என்பது எம் கருத்து.

"கிருஷ்ணகிரியிலும்தான் பழம் விற்கிறார்களே, வாங்கித் தின்று கட்சி மாறலாமே" எனின், அற்று அன்று. விற்குமிடத்தில் நின்று பார்த்தோம். மல்கோவாக்காரர் மல்கோவா வாங்கினார். பங்கனப்பள்ளிக்காரர் பங்கனப்பள்ளி வாங்கினார். அரங்குக்குள் அத்தனை ரகம் பார்த்துவிட்டு வந்து, வீட்டுப் பக்கத்துத் தள்ளுவண்டியில் கிடைக்கிற அதே பழத்தைப் பை நிறைய வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். வெளியே சாலையோரம் கூடை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் இதைப் பற்றிக் கருத்துக் கேட்க முயன்றோம். பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்படியில் முகர்ந்துகொண்டே கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாண்ணா, மோந்துகினே கீற? வாங்கறதுன்னா வாங்கு, இல்லனா அந்தாண்ட போ. மூக்குத் தண்ணி பட்டா யார் வாங்குவாங்க?"

ஆய்வுக்கு மக்கள் தரும் ஒத்துழைப்பின் அளவு இது.

கண்ணை நம்பினால் மாம்பழத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். 1889-ல் இந்தியாவிலிருந்து புளோரிடாவுக்கு மல்கோபா என்ற பெயரில் ஒட்டுச்செடிகள் போயின. 1902-ல் கேப்டன் ஹேடன் என்பவர் அந்த மல்கோபாவின் கொட்டைகளை ஊன்றினார். அதில் வந்தது ஹேடன் ரகம். ஹேடனின் வழியில் வந்தது டாமி அட்கின்ஸ். 1950-களில் புளோரிடா மாம்பழ அமைப்பு ஒன்றின் ரகத் தேர்வுக் குழுவிடம் இந்தப் பழத்தைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள். குழு தின்று பார்த்தது. நார் அதிகம், ருசி சொல்லும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியது. வியாபாரிகள் பார்த்தார்கள்: சிவப்பு நிறம், தடித்த தோல், எத்தனை நாள் வைத்தாலும் கெடாத உடம்பு. இன்று அமெரிக்கக் கடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். நாக்கு தள்ளியதைக் கண் எடுத்துக்கொண்டது. மல்கோவாக் கட்சியார் அமெரிக்க மாம்பழமெல்லாம் எங்கள் வாரிசு என்று பெருமை பேசும்போது இந்தப் பேரனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரங்கில் எவரும் நின்று பார்க்காத தட்டு எது என்பதையும் குறித்துவைத்தோம். நீலம். ஆனி மாதத்தில் எல்லாத் தள்ளுவண்டியிலும் குவிந்து கிடக்கிற, விலை குறைந்த, கடைசியில் வருகிற பழம். அதன் முன்னால் ஏன் நிற்க வேண்டும்? ஆனால் பக்கத்துத் தட்டுகளின் சீட்டுகளில் குலவரிசை எழுதியிருந்தால் கூட்டம் கொஞ்சம் கலங்கியிருக்கும். தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நீலத்தைத் தாயாகவும் தசேரியைத் தந்தையாகவும் வைத்து மல்லிகாவை உண்டாக்கியது. பிறகு தசேரியைத் தாயாக்கி நீலத்தைத் தந்தையாக்கி ஆம்ரபாலியை உண்டாக்கியது. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவரைக் கும்பிடுகிறோம். அவருக்கு இணையாக மாம்பழத்தில் நிற்பது நீலம் ஒன்றே. கொங்கணத்து ரத்னாவுக்குத் தாய் நீலம், தந்தை அல்போன்சா. பெரியகுளத்தில் உண்டான பிகேஎம் 1-க்குத் தந்தை நீலம். பிகேஎம் 2-க்குத் தாய் நீலம், தந்தை மல்கோவா. ஆக மல்கோவா இந்த வீட்டு மாப்பிள்ளை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் 1 நீலத்திலிருந்தே தேர்ந்தெடுத்த குட்டை மரம். ஏன் எல்லாரும் நீலத்தைத் தேடி வருகிறார்கள்? வருஷம் தவறாமல் காய்க்கும் குணம். வடக்கத்தித் தசேரி ஒரு வருஷம் கொட்டிக் கொடுத்துவிட்டு மறு வருஷம் படுத்துக்கொள்ளும்.

நீலத்தின் மேல் சொல்லப்படும் ஒரே குற்றம் வண்டு. கொட்டையைப் பிளந்தால் உள்ளே கறுப்பாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். சில சமயம் சதையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நம்மைப் பார்க்கும். வண்டு இருந்தால்தான் பழம் இனிக்கும் என்பது எங்கள் பெரியவர்கள் கொள்கை. அறிவியல் இதை ஏற்பதில்லை. தாய் வண்டு முட்டையிடுவது காய் பிஞ்சாய்ப் பச்சையாய் இருக்கும்போதே. புழு துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடுகிறது. காய் வளர வளரத் துளை ஆறிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. எனவே அந்த வண்டு இனிப்பை ருசித்துப் பார்த்து வந்ததன்று, தின்னாமலே தேர்ந்தெடுத்துவிட்டது. இவ்வகையில் அது கண்காட்சிப் பார்வையாளரை ஒக்கும்.

ஊர் திரும்பியதும் ஒரு சோதனை நடத்தினோம். நால்வகைப் பழங்களைத் தோல் சீவி, கொட்டை நீக்கி, ஒரே அளவாய் நறுக்கி, ஒரே மாதிரி எவர்சில்வர் கிண்ணங்களில் வைத்தோம். பங்கனப்பள்ளிக் கட்சியில் பெரியப்பா, இமாம்பசந்தில் அத்தை, மல்கோவாவில் மைத்துனர், செந்தூராவில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லாருக்கும் பிடித்தது மூன்றாம் கிண்ணம். ஒவ்வொருவரும் அது தன் பழமே என்று சொல்லி மேலும் கொஞ்சம் கேட்டார்கள். அது நீலம், முதல்நாள் சாயங்காலம் தள்ளுவண்டியில் வாங்கியது.

பெரியப்பா ஒரு கணமும் தயங்கவில்லை. "அப்ப அது நீலமே கெடையாது. உனக்கு மாத்திக் குடுத்துட்டான்" என்றார். அத்தை, "இந்த வருஷம் நீலம் நல்லா வந்துகீது, அதுக்கு இன்னா இப்போ?" என்றார். மைத்துனர் தனக்கு இரண்டு நாளாய் ஜலதோஷம் என்றார். ஆம்பூரில் அது தெரியவில்லை. தலைமையாசிரியர் மட்டும் கல்வியாளருக்குரிய முறையில் ஆய்வு முறையையே மறுத்தார். "தோலோட குடுத்திருந்தா கரெக்டா சொல்லியிருப்பேன். சீவிட்டுக் குடுத்தா எப்படி சார்?" ஆக நாக்குக்கு வழி விட்டாலும் கட்சி மாறுவதில்லை என்பது புலனாயிற்று. கண்காட்சி நடத்துவோர் மேல் குறை சொல்ல இனி இடமில்லை. நம்மவருக்கு மாம்பழம் என்பது வயிற்றில் இருப்பதன்று, பிறந்த வீட்டில் இருப்பது. ஆயினும் அடுத்த ஆண்டாவது மேசைக்குப் பக்கத்தில் ஒரு கத்தியும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தால் வருகிறவர்கள் பொய்யாவது கொஞ்சம் ஆதாரத்தோடு சொல்லுவார்கள்.

முடிவு. வைக்கோலின் நடுநிலையோடு எல்லாத் தரப்பையும் எடைபோட்டுப் பார்த்ததில் மாம்பழங்களுள் தலையாயது நீலம் என்று தீர்ப்பளிக்கிறோம். மறுப்புடையோர் கடிதம் எழுத வேண்டாம். தத்தம் பழத்தில் ஒரு கூடை, அடியில் வைக்கோல் பரப்பி, ஆடி பிறப்பதற்குள் காவேரிப்பாக்கத்துக்கு அனுப்பிவைக்கவும். மேலே நல்லதும் கீழே அழுகலுமாக அடுக்கக் கூடாது. வந்து சேரும் சான்றுகள் அனைத்தும் தின்று பரிசீலிக்கப்படும், தீர்ப்பு மாறாது.